பாதாமின் காலில் மருதாணி

ஹெராத் அரண்மனை ஓவியக்கூடத்தில் வரைகிற எந்தப் படத்திலும் அரசர் யார் என்று தெரிந்துகொள்ள முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. பார்த்தாலும் தெரியாது. எல்லாருக்கும் ஒரே வட்ட முகம், ஒரே சின்ன வாய், ஒரே நீளப் புருவம். குதிரையைத்தான் பார்க்க வேண்டும். எந்தக் குதிரையின் நாலு காலிலும் வாலிலும் மருதாணி ஏறியிருக்கிறதோ, அதன் மேல் உட்கார்ந்திருப்பவர்தான் அரசர். ஊரில் வேறு எவனாவது தன் குதிரைக்கு மருதாணி வைத்தால் அரண்மனை ஆட்கள் வீட்டுக்கே வந்து வாலை மொட்டையடித்துவிட்டுப் போவார்கள். காகிதத்திலும் அதே சட்டம்தான். காகிதத்தில் தப்பு நடந்தால் மட்டும் வாலோடு போகாது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் கரீம்பெர்தி என்று ஓர் ஓவியன் இருந்தான். ஊர்வலப் படம் ஒன்றில், விருந்துக்கு வந்த அரசர் மிர்ஸாவின் பக்கத்து நாட்டுச் சிற்றப்பாவுடைய குதிரை மூக்கை மிர்ஸாவின் குதிரை மூக்குக்கு ஓர் அரிசி அளவு முன்னால் வைத்துவிட்டான். அமைச்சரான வஸீர் கண்ணில் பட்டது. வலது கைப் பெருவிரலை எடுக்கச் சொன்னார். மிர்ஸா நல்ல மனிதர்தான், ஆனால் வேண்டாம் என்று அன்றைக்குச் சொல்லவில்லை. கரீம்பெர்தி இப்போது கடைத்தெருவில் பூண்டு விற்கிறான், நாலு விரலால் எண்ணி எண்ணிப் போடுகிறான்.

குதிரைகளுக்கு வண்ணம் ஏற்றி மருதாணி வைக்கிற வேலை இல்யாஸுடையது. இருபத்தாறு வருஷமாக அதே வேலை. அவன் கையால் ஆயிரம் குதிரையாவது ஓடியிருக்கும். ஆனால் ஒன்று சொல்லவேண்டும், சிரிக்கக் கூடாது. நிஜக் குதிரையைக் கண்டால் அவனுக்குக் குலை நடுங்கும். ஆறு வயதில் சந்தையில் ஒரு குதிரை அவனுடைய இடது கைச் சுண்டுவிரல் நுனியைக் கடித்துத் துப்பியது. அன்றிலிருந்து தெருவில் குளம்புச் சத்தம் கேட்டால் எதிர்ச்சுவரோடு பல்லியாக ஒட்டிக்கொள்வான். வேலைக்கு அது தடையாக இல்லை. கூடத்தில் எல்லாக் குதிரைக்கும் அச்சு இருந்தது. மெல்லிய மான்தோலில் ஊசியால் பொடிப்பொடியாகக் குத்திய உருவங்கள். காகிதத்தில் வைத்துக் கரித்தூளைத் தட்டினால் குதிரை அப்படியே இறங்கிவிடும். நிஜக் குதிரையை எதற்குப் பார்க்க வேண்டும்? அது சாணி போடும், உதைக்கும், விரலைத் தின்னும்.

அந்த வருஷம் நவ்ரோஸ் புத்தாண்டுப் பண்டிகைக்கு மிர்ஸாவின் கையில் வைக்க ஓர் ஓவியப் பக்கம் தயாராகிக்கொண்டிருந்தது. அதே ஃபரஹ்மந்த் மிர்ஸா ஹரி ஆற்றைக் கடந்த கதை. ஏழு வருஷத்துக்கு முன்னால் வடக்கத்திப் படை நகரத்தைப் பிடித்தது, மிர்ஸா பத்துப் பேரோடு தப்பி ஓடினார், வெள்ளம் புரண்ட ஆற்றில் அம்பு மழைக்கு நடுவே குதிரையை இறக்கி அக்கரை ஏறினார், மூன்றே மாதத்தில் படையோடு திரும்பி வந்து நகரத்தை மீட்டார். இதை அரண்மனைக் கவிஞர்கள் பாடிப் பாடித் தேய்த்துவிட்டார்கள். ஒருவர் பாட்டில் குதிரை பால் வெள்ளை, இன்னொருவர் பாட்டில் அமாவாசைக் கறுப்பு. அது கவிஞர்கள் பாடு.

தலைமை ஓவியர் உஸ்தாத் ஸெய்னால் கோடு போட்டிருந்தார். பதினொரு குதிரை, அவற்றின் மேல் பதினொரு ஆள். வழக்கமாக அரசரை நடுவில் வைப்பார்கள். கிழவருக்கு அந்தத் தடவை என்ன தோன்றியதோ, அரசரின் வெள்ளைக் குதிரை ஷாஹ்பாஸை மேல் மூலையில் கரையேற விட்டுவிட்டு, ஆற்றைக் குறுக்காக ஓடவிட்டார். நடுவில் பழைய அச்சிலிருந்து ஒரு ஜோடியை இறக்கினார். நீந்தத் தெரியாத ஒரு சிப்பாய் பழுப்புக் குதிரை மேல் பயந்து உட்கார்ந்திருப்பான், அவனுடைய குதிரைக்காரன் கழுத்தளவு தண்ணீரில் கடிவாளத்தைப் பிடித்து இழுத்துப் போவான். ஹெராத்தில் யார் ஆறு வரைந்தாலும் அந்த ஜோடி உண்டு.

இல்யாஸ் மருதாணி நிறத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் தடவிக் காட்டினான். ஸெய்னால் மூக்குக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"என்னய்யா இது? மருதாணியா, செங்கச் சூளையா?"

"எப்பவும் வெக்கிற நெறந்தான் உஸ்தாத்."

"எப்பவும் தப்பாத்தான் வெக்கிறே. நானும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருபத்தாறு வருஷம் இருந்துட்டேன். இந்தத் தடவை முடியாது. லாயத்துக்குப் போ. நெஜ மருதாணி நெஜக் குதிரை மேல எப்படி ஏறியிருக்குன்னு கண்ணால பாத்துட்டு வா."

"நானா? லாயத்துக்கா?"

"இல்ல, நான் போறேன். நீ இங்க ஒக்காந்து தலைமை வேலையைப் பாரு."

கூடமே சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் ஹுமாம். படத்தில் உடுப்புக்கு நிறம் ஏற்றி முகம் திறக்கிறவன் அவன். அவன் தொடுகிற வரைக்கும் படத்து மனிதர்களுக்கெல்லாம் முட்டை மாதிரி வெறும் முகம்தான். இல்யாஸோடு ஒரே பாயில் இருபது வருஷம் உட்கார்ந்தவன். "போறதுக்கு முன்னாடி ஒம் பொண்டாட்டி நிகார்கிட்ட சொல்லிட்டுப் போடா, பாவம், காத்துக்கிட்டிருக்கப் போறா," என்றான்.

இல்யாஸ் போனான். லாயத்தின் வாசலில் ஒரு தூணைக் கட்டிக்கொண்டு நின்றான். உள்ளே நாற்பது குதிரை மூச்சுவிடுகிற சத்தம்.

"யாருங்க அது, பொண்ணு பாக்க வந்த மாப்ள மாதிரி தூணுக்குப் பின்னால?" என்று கரகரத்த குரல் வந்தது. குதிரைக்காரன் குர்பான். ஐம்பது வயதிருக்கும். ஒவ்வொரு பேச்சுக்கும் இடையில் இருமுவான், நெஞ்சில் ஈரம் தங்கிப்போன இருமல். முழங்கை வரைக்கும் மருதாணிக் குழம்பு.

"ஓவியக்கூடத்துலேருந்து வர்றேன். மருதாணி நெறம் பாக்கணும். கடிக்குமா?"

"எது?"

"எல்லாமுந்தான்."

"நான்தான் கடிப்பேன். அதுங்க சாது. உள்ள வாங்க ஓவியரே, வந்துட்டீங்க, இனிமே என்ன வெக்கம்?"

ஷாஹ்பாஸ் முதல் கொட்டிலில் பளபளவென்று நின்றது. காலெல்லாம் வெள்ளை, மருதாணியே இல்லை. "இவனுக்கு நாளைக்கு," என்றான் குர்பான். "மொதல்ல அவனுக்குத்தான். எப்பவும் மொதல்ல அவனுக்கு." கடைசிக் கொட்டிலைக் காட்டினான். வைக்கோல் மற்றக் குதிரைகளுக்குப் போட்டதைவிட இரண்டு மடங்கு உயரம், தொட்டியில் சுத்தமான பார்லி. அதில் நின்றதோ ஒரு கிழட்டுப் பழுப்புக் குதிரை. முதுகு வளைந்திருந்தது, இடது காது நுனியிலிருந்து பாதிவரை கிழிந்து இரண்டாகத் தொங்கியது. ஆனால் நாலு காலிலும் வாலிலும் புது மருதாணி.

"இது யாரு?"

"பாதாம்."

"அரசரோட குதிரையா? மருதாணி வெச்சிருக்கே?"

"நெறம் பாக்க வந்தீங்களா, சம்பந்தம் பேச வந்தீங்களா? பாருங்க, பாத்துட்டுக் கெளம்புங்க."

இல்யாஸ் பார்த்தான். சும்மா சொல்லக் கூடாது, அவனுக்கு மூச்சே நின்றது. பழுப்புத் தோலின் மேல் மருதாணி செங்கல்லாகத் தெரியவில்லை. அடுப்புக்குள் தணிந்த தணலைப் போல, உள்ளேயிருந்து வருகிற சிவப்பு. இத்தனை வருஷம் இந்த நிறத்தையா செந்தூரத்தில் தேடினோம் என்று வெட்கமாகப் போயிற்று. குனிந்து முழங்காலைப் பார்த்தான், இன்னும் கிட்டே போனான், பயத்தை எங்கே வைத்தோம் என்பதை மறந்தே போனான். அப்போது தோளில் ஏதோ கனமாக வந்து இறங்கியது. குதிரையின் தலை.

அவன் கல்லாக நின்றான். காதுக்குப் பக்கத்தில் பார்லி வாசனையோடு சூடான மூச்சு. கடிக்கப் போகிறது, கடிக்கப் போகிறது என்று நெஞ்சு அடித்தது. கடிக்கவில்லை. கிழக் குதிரை கண்ணை மூடிக்கொண்டு அவன் தோளில் சாய்ந்து கொஞ்ச நேரம் ஓய்வெடுத்தது, அவ்வளவுதான். இல்யாஸுக்குக் கண் நிறைந்துவிட்டது. எதற்கு என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது. யாருக்கோ நன்றி சொல்ல வேண்டும் போலிருந்தது, குர்பானிடமே சொன்னான்.

"எனக்கு எதுக்கு? அவன்கிட்ட சொல்லுங்க," என்றான் குர்பான். "ஆளைப் பாத்துத்தான் சாய்வான். எல்லார் மேலயும் சாய மாட்டான்."

இல்யாஸ் ஓட்டமும் நடையுமாகக் கூடத்துக்கு வந்தான், நிறம் கண்ணில் ஆறிவிடக் கூடாதே என்று. செந்தூரத்தில் காவியைக் கலந்தான், ஒரு கிள்ளுக் கரி போட்டான், கோந்து விட்டுக் கிளிஞ்சலில் அரைத்தான். அன்றைக்குப் பழுப்பு நாள். அவன் வேலை செய்கிற முறை அது. பதினொரு குதிரையையும் ஒன்றொன்றாக முடிக்க மாட்டான். ஒரு நாள் பழுப்பெல்லாம், மறுநாள் கறுப்பெல்லாம், கடைசியில் வெள்ளையெல்லாம். அன்றைக்கு முன்னாலிருந்தது ஆற்று நடுவே நிற்கும் அந்தப் பழுப்புக் குதிரைதான். கை தானாக ஓடியது. தண்ணீருக்குள் தெரிந்த கால்களில் மெல்லிசாக ஒரு பூச்சு, வாலில் ஒரு பூச்சு, காய்ந்ததும் இன்னொன்று. இடது காதில் ஒரு கிழிசல்கூட வைத்தான். பொழுது சாயும்போது கிளிஞ்சலில் ஒரு சொட்டு மிச்சமில்லை. அப்படி ஒரு சந்தோஷம் அவனுக்கு வேலையில் வந்து வெகு காலமாயிற்று.

மூன்றாம் நாள் வெள்ளைக் குதிரைகளை முடித்தான். மருதாணிக் கிளிஞ்சலைப் பார்த்தான், துடைத்தாற்போல் காலி. ஆக, மருதாணி வைத்தாயிற்று. அரச குதிரை முடிந்தது. இருபத்தாறு வருஷப் பழக்கம் அவனிடம் அப்படிச் சொன்னது, அவனும் நம்பினான். உஸ்தாத் அதற்குள் கிளம்பியிருந்தார்; பக்கத்தை நேரே ஹுமாமிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தான்.

ஹுமாம் முகம் திறக்கிற அறைக் கதவு ஒருமுறை மூடினால் ஐந்து நாள் திறக்காது. தூசி வரக் கூடாது, ஆளும் வரக் கூடாது. முகம் திறந்த பக்கத்தை மிர்ஸாவுக்கு முன்னால் வேறு கண் பார்ப்பதில்லை என்பது ஹெராத் வழக்கம். தலைமை ஓவியரும் பார்க்க மாட்டார். காய்ந்ததும் பட்டில் சுற்றி வஸீரின் முத்திரை வைத்துப் பெட்டியில் பூட்டுவார்கள். ஸெய்னால் ஒவ்வொரு தடவையும் இதற்காகப் புலம்புவார், அது வேறு கதை.

நவ்ரோஸ் காலையில் ஊரே ஹம்மாம் வெந்நீர்க் கூடத்தில் குளித்துக்கொண்டிருந்தது. ஆவிக்கு நடுவே ஹுமாம் இல்யாஸின் முதுகில் ஒரு அடி வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நல்லா மாட்டிவிட்டீங்கடா நீயும் கெழவரும். ராஜா எங்கன்னு தேடித் தேடிக் கண்ணு பூத்துப்போச்சு. எப்பவும் நடுவுல இருப்பாரு. இந்தத் தடவை கெழவரு என்னமோ புதுசாப் பண்ணப்போறேன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரே, நடுவுல இருக்க மாட்டாருன்னு மேல கீழயெல்லாம் தேடுனேன். கடைசியில பாத்தா நடுவுலயேதான் இருக்காரு!"

இல்யாஸ் தலையில் ஊற்றிக்கொண்ட தண்ணீரை வழித்தான். "நடுவுல யாரு?"

"ராஜாதான்டா. ஒன் பழுப்புக் குதிரை மேல. கவிஞன் ஒருத்தன் வெள்ளைங்கிறான், ஒருத்தன் கறுப்புங்கிறான், நீ பழுப்புங்கிற. நான் யாரை நம்புறது? மருதாணியைத்தான் நம்புனேன். கிரீடச் சிறகு, தங்கப் பொத்தான், தாடி மொதக்கொண்டு மிர்ஸா அப்படியே இருக்காரு பாரு, அச்சு அசல்."

"மேல மூலையில வெள்ளைக் குதிரைல இருக்கிறவன்?"

"அவனா? எவனோ கொடி பிடிக்கிறவன். மீசை வெச்சுவிட்டேன்."

இல்யாஸின் கையிலிருந்த செம்பு கீழே விழுந்து உருண்டது. அத்தனை சூட்டிலும் அவனுக்குக் குளிர்ந்தது. வலது கையைத் தூக்கிப் பார்த்தான், பெருவிரலைப் பார்த்தான். கரீம்பெர்தியின் பூண்டுக் கூடை கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

"டேய், என்னடா, மயக்கமா?"

"வெள்ளைக் குதிரைதான்டா ராஜா. நான் மருதாணியை மாத்தி வெச்சுட்டேன்."

ஹுமாம் உருண்ட செம்பை எடுத்து நிமிர்த்தி வைத்தான். அப்புறம் ஹுமாம் மெதுவாகக் கேட்டான், "அப்போ மிர்ஸாவை நான் ஒரு பயந்தாங்கொள்ளிச் சிப்பாயா ஆக்கிட்டேனா? குதிரைக்காரன் கடிவாளம் பிடிச்சு இழுத்துட்டுப் போற மாதிரியா?"

"ஒனக்கு எதுவும் தெரியாது. கேட்டா அப்படித்தான் சொல்லணும். மருதாணி இருந்துச்சு, நம்பினேன்னு சொல்லு. தப்பு என்னுது."

"போடா டேய். முகம் வெச்ச கை என்னுதுதானே?"

"ஹுமாம், ரெண்டு பேரும் பூண்டு வித்தா வாங்குறதுக்கு ஊர்ல ஆள் வேணாமா?"

ஹுமாம் சிரிக்கப் பார்த்தான், அழுகை மாதிரி வந்தது. இருவரும் ஈரத் தலையோடு ஸெய்னாலிடம் ஓடினார்கள். கிழவர் கேட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்தார். முத்திரை வைத்தாயிற்று, பெட்டி வஸீரின் வீட்டில். "தணல் மாதிரி நெறம் கெடச்சுதுன்னு சொன்னியேடா," என்று மட்டும் சொன்னார். "அந்த நெறத்தையாவது நான் பாத்திருக்கலாம்."

இல்யாஸ் வீட்டுக்குப் போய்ப் புதுச் சட்டை போட்டுக்கொண்டான். நிகாரிடம் எதையும் சொல்லவில்லை. அவள் பண்டிகைக்குக் கிளறிய கோதுமைக் களியைக் கிண்ணத்தில் கொடுத்து, "ஏங்க, மர்யமோட அப்பா, கையை ஏன் இப்படிப் பாத்துக்கிட்டிருக்கீங்க?" என்றாள். "நெறைய வேலை," என்றான். கிண்ணத்தை வலது கையால் வாங்கி, வலது கையால் சாப்பிட்டு, வலது கையால் மகளின் தலையைத் தடவிவிட்டுப் புறப்பட்டான்.

அரண்மனைத் தோட்டத்தில் பாதாம் மரங்களெல்லாம் பூத்திருந்தன. மிர்ஸா மேடையில் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது, கண்ணோரத்தில் களைப்பு. வஸீர் வலப்பக்கம், கவிஞர்கள் இடப்பக்கம், ஓவியக்கூடத்து ஆட்கள் புல்வெளியில் மண்டியிட்டு. முத்திரை உடைந்தது, பட்டு விலகியது. மிர்ஸா பக்கத்தை மடியில் வைத்துக்கொண்டு குனிந்தார்.

நிமிரவில்லை.

வஸீர் தோள் வழியாக எட்டிப் பார்த்தார். அவர் முகம் மாறியது எல்லாருக்கும் தெரிந்தது. "இது என்ன அக்கிரமம்? மிர்ஸாவை யாரோ சிப்பாய் மாதிரி... ஒரு குதிரைக்காரன் இழுத்துட்டுப் போறான்! யாருடைய வேலை இது?"

"மருதாணி வெச்சது யாரு?" என்று மிர்ஸா கேட்டார். குரல் மெல்லியதாக இருந்தது. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

ஹுமாம் எழப் போனான். இல்யாஸ் அவன் தோளை அழுத்திவிட்டு எழுந்து, நாலடி முன்னால் போய் நெற்றி புல்லில் படக் குனிந்தான்.

"நான்தான் எஜமான். தப்பு என்னுது மட்டுந்தான். முகம் வெச்சவனுக்குத் தெரியாது, மருதாணியைப் பாத்து நம்பிட்டான். வெள்ளைக் குதிரைக்கு வெக்க வேண்டியதை நான் இதுக்கு வெச்சுட்டேன்."

"ஏன்?"

"நெறம் பாக்க லாயத்துக்குப் போனேன். அங்க ஒரு கெழக் குதிரைக்கு மருதாணி வெச்சிருந்தாங்க. அதைப் பாத்தேன். வந்து ஒக்காந்ததும் கை அதையே போட்டுருச்சு. நான் யோசிக்கலை எஜமான். யோசிச்சிருந்தா இப்படி வந்திருக்காது."

"இந்தக் காது?"

"கிழிஞ்சிருந்துச்சு. கிழிஞ்ச மாதிரியே போட்டேன்."

வஸீர் காவலாளியைப் பார்த்துக் கையைத் தூக்கினார். மிர்ஸா திரும்பிப் பார்க்காமலே, "கையை எறக்குங்க," என்றார். பிறகு, "லாயத்துலேருந்து குர்பானைக் கூட்டிட்டு வாங்க. எப்படி இருக்கானோ அப்படியே."

காவலாளி லாயத்துக்கு ஓடினான். இல்யாஸ் நெற்றியைப் புல்லில் வைத்தபடி இருந்தான். பூவிதழ் ஒன்று அவன் வலது கை மேல் விழுந்தது. அதைத் தட்டிவிடக்கூட அந்தக் கையை அசைக்க மனம் வரவில்லை. குர்பான் இருமிக்கொண்டே வந்து சேர்ந்தான், செருப்பில் சாணி, கையில் மருதாணிக் கறை.

மிர்ஸா மேடையிலிருந்து இறங்கி வந்து பக்கத்தை அவனிடம் காட்டினார். "இது யாருன்னு தெரியுதா?"

குர்பான் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். "அட! பாதாம்!" என்றான். உடனே சுற்றியிருந்தவர்களைப் பார்த்துவிட்டு, "யாரோ பழுப்புக் குதிரை எஜமான். எனக்குச் சரியாத் தெரியலை," என்றான்.

மிர்ஸா சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "ஏழு வருஷமா எனக்காகப் பொய் சொல்றான் பாருங்க," என்று சபையைப் பார்த்துச் சொன்னார். "ஷாஹ்பாஸ் ஆத்துல எறங்கவேயில்லை. கரையிலேயே மூணு அம்பு வாங்கி விழுந்துட்டான். இப்ப லாயத்துல நிக்கிறது அதே பேருல வாங்கின வேற குதிரை. நான் சேத்துல கெடந்தேன். எனக்கு நீந்தத் தெரியாது. இந்த ஆள் தன் குதிரையிலேருந்து எறங்கி, என்னைத் தூக்கி வெச்சான். கழுத்தளவு தண்ணியில கடிவாளத்தைப் பிடிச்சுக்கிட்டு அக்கரை வரைக்கும் இழுத்துட்டுப் போனான். அம்பு ஒண்ணு பாதாமோட காதைக் கிழிச்சுது. பனி உருகி வந்த தண்ணி, இவன் நெஞ்சுல அன்னிக்குப் புகுந்த குளிர் இன்னும் போகலை. கேளுங்க, இருமுறான்."

கவிஞர்கள் தரையைப் பார்த்தார்கள்.

"அடுத்தவன் குதிரையில தப்பிச்ச ராஜான்னு ஊர் சிரிக்கும்னு பயந்தேன். நீங்க வெள்ளைன்னு பாடுனீங்க, கறுப்புன்னு பாடுனீங்க, நானும் கேட்டுக்கிட்டு ஒக்காந்திருந்தேன். பாதாமுக்கு வருஷா வருஷம் மருதாணி மட்டும் வெக்கச் சொன்னேன். அதுவும் கடைசிக் கொட்டில்ல, ஒருத்தருக்கும் தெரியாம. நன்றி சொல்றதுக்குக்கூட ஒளிஞ்சுக்கிட்டேன்." அவர் குனிந்து இல்யாஸின் தோளைத் தொட்டார். "எந்திரி. நான் சொல்ல வெக்கப்பட்டதை ஒன் கை சொல்லிருச்சு. அந்தக் கை நல்லா இருக்கணும்."

இல்யாஸ் எழுந்திருக்க மறந்துபோனான். ஹுமாம்தான் ஓடிவந்து தூக்கிவிட்டான்.

மிர்ஸா தன் தோளிலிருந்த தங்கச் சரிகை அங்கியைக் கழற்றிக் குர்பானுக்குப் போர்த்தினார். குர்பான் அது சாணியில் படாமல் இரண்டு பக்கமும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "எஜமான், இது எனக்குப் பெருசு. ஆனா பாதாமுக்குச் சரியா இருக்கும், அவனுக்கு முதுகு குளிருது," என்றான். தோட்டமே சிரித்தது, வஸீரைத் தவிர.

"தண்ணியில நிக்கிற குதிரைக்காரனுக்கு யாரோட முகம் வெச்சே?" என்று மிர்ஸா ஹுமாமைக் கேட்டார்.

"யார் முகமும் இல்லை எஜமான். எப்பவும் வெக்கிற முகம்."

"அழிச்சுட்டு இவன் முகத்தை வெய்யி. சுருக்கத்தோட, மூக்கு எப்படி இருக்கோ அப்படியே. என் முகத்தைவிடச் சின்னதா இருக்கக் கூடாது."

மறுநாள் குர்பான் ஓவியக்கூடத்தில் ஹுமாமுக்கு முன்னால் உட்கார்ந்தான். உட்காரத் தெரியாமல் உட்கார்ந்தான், இருமினான், எழுந்து எழுந்து படத்தை எட்டிப் பார்த்தான். முகம் முடிந்ததும் கிட்டே வந்து குனிந்து பார்த்தான். அப்புறம், "தண்ணி இதைவிட அதிகமா இருந்துச்சு," என்றான். முகத்தைத் திருப்பிக்கொண்டு மருதாணிக் கையால் மூக்கைத் துடைத்தான். ஸெய்னால் கண்ணை இடுக்கி மருதாணியை ஆராய்ந்தார். "சூளை இல்லை," என்றார். அவர் வாயிலிருந்து அதுதான் பாராட்டு.

இல்யாஸ் அன்று மத்தியானம் ஒரு பிடி உலர்ந்த மல்பெரிப் பழத்தை மடியில் கட்டிக்கொண்டு லாயத்துக்குப் போனான். இந்தத் தடவை தூணைப் பிடிக்கவில்லை. கடைசிக் கொட்டிலில் பாதாம் தங்கச் சரிகை அங்கியைப் போர்த்திக்கொண்டு நின்றது.

"எந்தக் கையால குடுக்கப்போறீங்க?" என்று குர்பான் கேட்டான்.

"வலது கையால."

"வரையிற கையாச்சே! எடது கையில குடுங்க. அதுல ஏற்கெனவே கொஞ்சம் போயிருக்கு, மிச்சமும் போனாப் போகட்டும்."

"இவன் காப்பாத்திக் குடுத்த கைதானே இது," என்றான் இல்யாஸ்.

உள்ளங்கையைத் தட்டையாக விரித்துப் பழத்தை வைத்து நீட்டினான். பின்னால் இழுக்கவில்லை. பாதாம் மெதுவாகத் தலையைக் குனிந்தது, மென்மையான உதடு உள்ளங்கை முழுவதும் ஊர்ந்தது. பல் படவேயில்லை. "நன்றிடா, ராசா," என்றான் இல்யாஸ், கிழிந்த காதுக்குப் பக்கத்தில். பழம் தீர்ந்த பிறகும் அவன் கையை எடுக்கவில்லை.